‘இசிஎம் பெட்டி போயிடுச்சு!’ பணத்தை எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

வாசகர் கேள்வி – பண்ணை வாகனங்கள்

“எங்களிடம் டீசல் பிக்-அப் வண்டி ஒன்று இருக்கிறது. 2021-ல் தவணையில் வாங்கியது. ஒன்றரை ஏக்கரில் கறிவேப்பிலை போட்டிருக்கிறோம். எங்கள் இலையோடு அக்கம்பக்கத்துத் தோட்டத்து இலையையும் ஏற்றிக்கொண்டு கோவைக்குப் போய் வருவதுதான் பிழைப்பு. பத்து நாள்களாக வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது. எஞ்சின் விளக்கு எரிகிறது. செல்ஃப் அடிக்கிறது, ஆனால் ஸ்டார்ட் ஆவதில்லை. அரை மணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. பட்டறையில் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு, ‘ஏகப்பட்ட கோடு காட்டுது. இசிஎம் பெட்டி போயிடுச்சு. ஐம்பதாயிரத்துக்குக் குறையாது’ என்கிறார்கள். இன்னும் எட்டுத் தவணை பாக்கி இருக்கிறது. பெட்டியை மாற்றித்தான் ஆக வேண்டுமா? பழைய பெட்டி வாங்கிப் போடலாமா?”

– வாசகி, காரமடை.

கறிவேப்பிலை காத்திருக்காது. அறுத்துக் கட்டிய இலை ஒரு பொழுது வண்டியிலேயே நின்றால் வாடிவிடும். அதனால்தான் வண்டி நின்றதும் கேட்ட பணத்தைக் கொடுத்து, பெட்டியை மாற்றி, வேலையைப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. அப்படி மாற்றிய பிறகும் அதே இடத்தில் வண்டி நின்றால், பணமும் போய், கோளாறும் அப்படியே இருக்கும்.

இந்தக் கேள்வியோடு வாசகியும் அவருடைய கணவரும் கோவையில் 30 ஆண்டுகளாக வண்டி வயரிங் வேலை பார்க்கும் மூத்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனார்கள்.

“ஏனுங்ண்ணா, அந்தப் பொட்டிய மாத்தியே தீரோணுங்களா?” என்று கேட்டார் வாசகி.

“அவசரப்படாதீங்க அம்மிணி. தோட்டத்துல போர் மோட்டார் ஓடலைன்னா, உடனே ஆள் கூப்புட்டுக் குழாயெல்லாம் மேல ஏத்திப்போடுவீங்களா? மொதல்ல கரண்டு மூணு பேஸும் வருதா, பீஸ் போயிருக்கா, ஸ்டார்ட்டர் நல்லா இருக்கான்னு பார்ப்பீங்கல்ல? அதேதான் இங்கயும். பொட்டி கடைசியாப் பார்க்க வேண்டியது” என்றார் அவர்.

அவர் பார்த்த வரிசையும், அதற்கான காரணங்களும் இங்கே.

பெட்டி என்ன செய்கிறது?

பழைய டீசல் வண்டிகளில் எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் பம்ப்தான் எந்த நேரத்தில் எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதை முடிவு செய்தது. அதில் ஸ்பிரிங், எடை, லீவர் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். தெரு முனை மெக்கானிக்கே சரிசெய்துவிடுவார். 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்-4 புகை விதியும், 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்-6 விதியும் வந்தன. அந்தப் புகை அளவுக்குள் டீசல் எஞ்சினை ஓட்ட, காமன் ரெயில் முறையும் அதை ஆளும் கணினிப் பெட்டியும் தேவைப்பட்டன. அந்தப் பெட்டிதான் இசிஎம். சிலர் இசியு என்பார்கள்.

கிராங்க் எந்த நிலையில் சுற்றுகிறது, ரெயிலில் அழுத்தம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு சூடு, எவ்வளவு காற்று உள்ளே போகிறது, ஓட்டுநர் பெடலை எவ்வளவு மிதித்திருக்கிறார் என்று சென்சார்கள் சொல்லிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டு, இன்ஜெக்டரை எப்போது திறப்பது, எவ்வளவு நேரம் திறப்பது என்று பெட்டி முடிவெடுக்கும். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் 4 சிலிண்டர் எஞ்சினில், விநாடிக்கு 100 முறை இந்த முடிவை எடுக்க வேண்டும். இந்த மாதிரிப் பெட்டிகளுக்குள் ஓடும் மென்பொருளை எழுதும் வேலை நம் கோவையிலும் நடக்கிறது. பாஷ் நிறுவனத்தின் மென்பொருள் மையம் இங்கே இருக்கிறது.

ஆகவே பெட்டி தவறாக முடிவெடுக்கிறது என்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, பெட்டியே கெட்டிருக்கலாம். இன்னொன்று, அதற்குச் சரியான கரண்டும் சரியான தகவலும் போய்ச் சேராமல் இருக்கலாம். இரண்டாவது காரணம்தான் பட்டறைகளில் அதிகம் பார்க்கப்படுவது. எலி கடித்த வயர், பச்சை பூத்த கப்ளர், தளர்ந்த எர்த் போல்ட் எல்லாம் இதில் சேரும்.

பெட்டியைத் தொடுவதற்கு முன் 6 சோதனைகள்

1. பேட்டரி: வண்டி நின்றிருக்கும்போது நல்ல பேட்டரியில் சுமார் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால், செல்ஃப் சுற்றினாலும் பெட்டி வேலை செய்யாமல் போகலாம். முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சுத்தம் செய்து இறுக்க வேண்டும்.

2. எர்த்: பேட்டரியின் நெகட்டிவிலிருந்து எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் போகும் பட்டை வயரைப் பாருங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை எஞ்சின் உடம்பிலும் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. இதைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை.

3. பீஸும் ரிலேவும்: பெட்டிக்கு கரண்டு கொடுக்கும் பீஸ், மெயின் ரிலே இரண்டையும் பார்க்க வேண்டும். பீஸ் எரிந்திருந்தால் அதே ஆம்பியர் பீஸ்தான் போட வேண்டும். கம்பியைச் சுற்றி ஓட்டினால், அடுத்து எரிவது வயராகவோ பெட்டியாகவோ இருக்கும்.

4. வயரும் கப்ளரும்: எஞ்சினுக்குப் பின்னால், சூடான குழாய்க்குப் பக்கத்தில், கிளாம்ப் உரசும் இடத்தில் வயர் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கப்ளரைக் கழற்றினால் உள்ளே ஈரமோ பச்சைப் பூச்சோ தெரிகிறதா என்று கவனிக்க வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப்பைப் பெட்டியின் வயர்களில் வைக்கக் கூடாது. பல்பு இழுக்கும் கரண்டே பெட்டியைக் கெடுத்துவிடலாம். மல்டிமீட்டர்தான் வேண்டும்.

5. சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட்: பெரும்பாலான சென்சார்கள் பெட்டி கொடுக்கும் 5 வோல்ட்டில்தான் வேலை செய்கின்றன. ஒரே வரிசையில் பல சென்சார்கள் இருக்கும். அதில் ஒரு வயர் எஞ்சின் உடம்பில் பட்டு எர்த் ஆகிவிட்டால், அந்த வரிசையில் உள்ள எல்லாச் சென்சார்களும் படுத்துவிடும். பி.ஏ.பி. வாய்க்காலில் தலைமடைப் பக்கம் உடைப்பு எடுத்தால் கடைமடைத் தோட்டம் அத்தனையும் காய்வதைப் போல. ஸ்கேனரில் ஒரே நேரத்தில் ஐந்தாறு சென்சார் கோடு வந்தால், பெட்டி போய்விட்டது என்று சொல்வதற்கு முன் இந்த உடைப்பைத்தான் தேட வேண்டும். சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போனால், எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்ப வருகிறதோ அங்கேதான் கோளாறு. எல்லாவற்றையும் கழற்றியும் வராவிட்டால் இடையில் உள்ள வயரைத் தேட வேண்டும்.

6. டீசலும் கிராங்க் சென்சாரும்: ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்திருந்தாலும், ஃபில்டர் அடைத்திருந்தாலும் ரெயில் அழுத்தம் ஏறாது. செல்ஃப் மட்டும் சுற்றும். கிராங்க் சென்சார் கெட்டுப்போகும் நிலையில் இருந்தால், சூடு ஏறியதும் எஞ்சின் நிற்கும், ஆறியதும் ஸ்டார்ட் ஆகும். வாசகி சொன்ன அறிகுறி இதற்கும் பொருந்தும்.

இதில் உயிர் போகும் ஆபத்து ஒன்று இருக்கிறது. பழைய டீசல் எஞ்சினில் ‘ஏர் எடுக்க’ இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்திக்கொண்டே செல்ஃப் அடிப்பார்கள். காமன் ரெயில் எஞ்சினில் அதைச் செய்யவே கூடாது. உள்ளே இருக்கும் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காரமடை வண்டியில் இருந்த கோளாறு

எலக்ட்ரீஷியன் பேட்டரியையும் எர்த்தையும் பார்த்தார். சரியாக இருந்தன. கிராங்க் சென்சாரையும் சோதித்தார். அதிலும் குறையில்லை. ஸ்கேனரில் ஐந்து சென்சார்களின் கோடு இருந்தது. 5 வோல்ட் சில நேரம் வந்தது, சில நேரம் விழுந்தது. எஞ்சினை ஓடவிட்டு, வயரிங் கிட்டைக் கையால் லேசாக அசைத்துக்கொண்டே போனார். எஞ்சினுக்குப் பின்பக்கம், இன்டேக் அடியில் ஓர் இடத்தில் தொட்டதும் வண்டி நின்றது. டேப்பைப் பிரித்தால், எலி கடித்த இரண்டு வயர்கள் செம்பு தெரிய இரும்புத் தாங்கியை உரசிக்கொண்டிருந்தன. எஞ்சின் அதிரும்போது பட்டது, விலகும்போது சரியானது. அதனால்தான் நின்ற வண்டி தானாகவே ஸ்டார்ட் ஆனது.

கடிபட்ட பகுதியை வெட்டி, அதே பருமன் வயரை ஈயம் வைத்துச் சேர்த்து, சுருங்கும் குழாய் போட்டு, நெளிகுழாய்க்குள் விட்டுக் கட்டினார். கோடுகளை அழித்துவிட்டு, வாசகியின் கணவரையே ஓட்டச் சொல்லி அன்னூர் வரை போய் வந்தார்கள். எந்தக் கோடும் திரும்ப வரவில்லை. பெட்டியில் குறை எதுவும் இல்லை.

“பெட்டி மாத்தியிருந்தாலும் வண்டி நின்னுருக்கும். அந்த வயரு புதுப் பொட்டியையும் கெடுத்திருந்தாலும் ஆச்சரியமில்லீங்க” என்றார் எலக்ட்ரீஷியன்.

பெட்டிதான் போய்விட்டது என்று எப்போது சொல்லலாம்?

எல்லா முறையும் வயர்தான் காரணம் என்றும் நினைத்துவிடக் கூடாது. பெட்டியும் கெடும். கீழே உள்ளவற்றில் ஒன்றாவது உறுதியாகத் தெரிந்தால் மாற்றும் முடிவுக்கு வரலாம்.

• கரண்டும் எர்த்தும் பெட்டி வரை சரியாக வருகின்றன. எல்லாச் சென்சார்களையும் கழற்றி, வயரும் நன்றாக இருப்பதைப் பார்த்த பிறகும் 5 வோல்ட் வரவில்லை.

• பெட்டியின் உள் கோளாறைச் சொல்லும் பி0606, பி0601 போன்ற கோடுகள், அழித்தாலும் திரும்பத் திரும்ப வருகின்றன.

• ஸ்கேனரோடு பெட்டி பேசவே இல்லை. ஆனால் கரண்டு, எர்த், தகவல் வயர்கள் மூன்றும் சரியாக இருக்கின்றன. (பெரும்பாலான வண்டிகளில், பேட்டரியைக் கழற்றிவிட்டு 16 பின் ஸ்கேனர் துளையின் 6, 14-ம் பின்களுக்கு இடையே அளந்தால் சுமார் 60 ஓம் காட்ட வேண்டும்.)

• ஓர் இன்ஜெக்டருக்கு மட்டும் துடிப்பு வரவில்லை. ஆனால் அந்த இன்ஜெக்டரும் வயரும் நன்றாக இருக்கின்றன.

• பெட்டிக்குள் தண்ணீர் போயிருக்கிறது, பின் அரித்திருக்கிறது, கருகிய வாசம் வருகிறது.

‘பெட்டி போச்சு’ என்று சொல்லும் பட்டறையிடம், எந்தச் சோதனை செய்து இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று கேளுங்கள். ஸ்கேனர் அறிக்கையை அச்செடுத்தோ செல்போனில் படமாகவோ வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல பட்டறை இந்தக் கேள்விக்குக் கோபப்படாது. ‘வேற வண்டிப் பெட்டியை மாட்டிப் பார்த்தா தெரிஞ்சிடும்’ என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சாவிப் பூட்டு பொருந்தாமல் நல்ல பெட்டியாலும் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். வயரில் கோளாறு இருந்தால் இரவல் பெட்டியும் கெட்டுப்போகலாம்.

புதியதா, பழையதா, ரிப்பேரா?

புதிய பெட்டி: செலவு அதிகம், நம்பிக்கையும் அதிகம். ஆனால் மாட்டியவுடன் ஓடாது. வண்டியின் சேஸிஸ் எண்ணுக்கு உரிய மென்பொருளை அதில் ஏற்ற வேண்டும். சாவியோடு இணைக்க வேண்டும். பல வண்டிகளில் ஒவ்வோர் இன்ஜெக்டரின் தலையிலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு இருக்கும். அதையும் சிலிண்டர் வரிசைப்படி பதிய வேண்டும். பதியாவிட்டால் எஞ்சின் உதறும், புகை வரும், டீசல் கூடுதலாகக் குடிக்கும்.

பழைய பெட்டி: வெளியில் ஒன்றுபோல இருந்தாலும் போதாது. மேல் ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பர் முழுவதும் ஒத்துப்போக வேண்டும். உங்கள் பழைய பெட்டியில் உள்ள தகவலைப் படித்து இதில் ஏற்றத் தெரிந்தவர் வேண்டும். இதைத்தான் பட்டறைகளில் ‘குளோனிங்’ என்கிறார்கள். எந்த வண்டியிலிருந்து வந்தது என்று தெரியாத, ரசீது இல்லாத பெட்டியை வாங்கக் கூடாது. திருட்டு வண்டியின் பெட்டியாக இருந்தால் வம்பு வீடு தேடி வரும்.

ரிப்பேர்: கரண்டு வரும் பகுதியோ, ஒரு பின்னோ, ஓர் இன்ஜெக்டரை இயக்கும் பகுதியோ மட்டும் கெட்டிருந்தால் சரிசெய்ய முடியும். வண்டியின் தகவல் அதே பெட்டியில் இருப்பதால் மறுபடி பதியும் வேலை பெரும்பாலும் இருக்காது. உள்ளே பசை ஊற்றி மூடிய பெட்டிகளைத் திறப்பது கடினம். எத்தனை மாதம் உத்தரவாதம் என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

மூன்றில் எதைத் தேர்ந்தெடுத்தாலும், வேலை முடிந்து வண்டி சில நாள்கள் ஓடும்வரை உங்கள் பழைய பெட்டியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். வண்டியின் தகவல் அதில்தான் இருக்கிறது.

மாற்றும் நாளில்

சாவியை அணைத்து ஐந்து நிமிடம் விட்ட பிறகுதான் பேட்டரி நெகட்டிவைக் கழற்ற வேண்டும். பெட்டியையும் கப்ளரையும் கழற்றுவதற்கு முன் செல்போனில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. பின்களைக் கையால் தொடக் கூடாது. கப்ளரின் ரப்பர் வளையம் இடம் மாறாமல் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மழையில் தண்ணீர் இறங்கும். மென்பொருள் ஏற்றும்போது பேட்டரி இறங்கினால் புதுப் பெட்டியே பாழாகலாம். அதனால் சார்ஜர் இணைப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் மறுபடி ஸ்கேன் செய்து, கோடு எதுவும் இல்லை என்று உறுதிசெய்து, சுமை ஏற்றி ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். ரசீதில் பார்ட் நம்பர், பெட்டியின் வரிசை எண், உத்தரவாதக் காலம் மூன்றும் இருக்க வேண்டும்.

‘பெட்டியைத் திறக்கும்போதே புகைக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிடலாம், மைலேஜ் கூடும்’ என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். உத்தரவாதம் போய்விடும். அனுமதியில்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றினால், மோட்டார் வாகனச் சட்டப்படி உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

---

“2023-ல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர் வாங்கினேன். டிரெய்லர் கொக்கி விட்டுப்போனதால் தோட்டத்திலேயே வெல்டிங் அடித்தோம். மறுநாள் ஸ்டார்ட் ஆகவில்லை. டிராக்டருக்கும் பெட்டி உண்டா?”

– வாசகர், தாராபுரம்.

உண்டு. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் ‘ட்ரெம்-4’ என்ற புகை விதி நடைமுறைக்கு வந்தது. அந்த டிராக்டர்களிலும் காமன் ரெயிலும் கணினிப் பெட்டியும் வந்துவிட்டன. அதற்குக் குறைந்த திறன் கொண்ட டிராக்டர்கள் பெரும்பாலும் பழைய பம்ப்பிலேயே ஓடுகின்றன. அதனால் பழக்கதோஷத்தில் பேட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் வைத்துவிடுகிறார்கள். வெல்டிங் கரண்டு எர்த் தேடி வயரிங் வழியாகப் பாய்ந்தால் பெட்டி தாங்காது.

முதலில் பீஸ், மெயின் ரிலே, எர்த் மூன்றையும் பாருங்கள். பீஸ் மட்டும் போயிருந்தால் சின்னச் செலவோடு முடியும். பெட்டியே போயிருந்தால் உத்தரவாதத்தில் கிடைப்பது கடினம். நடந்ததை மறைக்காமல் சர்வீஸ் மையத்தில் சொல்லிவிடுவது நல்லது. அப்போதுதான் பெட்டியோடு சென்சார்களையும் டைனமோவையும் சேர்த்துச் சோதிப்பார்கள்.

இனி வெல்டிங் வைப்பதற்கு முன் பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றுங்கள். முடிந்தால் பெட்டியின் கப்ளரையும் கழற்றுங்கள். வெல்டிங் எர்த் கிளாம்பை, பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். டிரெய்லரைத் தனியாகக் கழற்றிவைத்து அடிப்பது இன்னும் நல்லது.

---

“வாங்கி ஒன்றரை ஆண்டில் பெட்டி போய்விட்டது. உத்தரவாதம் இருந்தும் ‘எலி கடித்தது, தண்ணீர் அடித்தது’ என்று தட்டிக்கழிக்கிறார்கள். எங்கே முறையிடுவது?”

– வாசகர், பெருந்துறை.

முதலில் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எந்த வயர், எந்த இடம், என்ன ஆதாரம் என்று படத்தோடு கேளுங்கள். உண்மையிலேயே எலி கடித்திருந்தால் உத்தரவாதம் கிடைக்காமல் போகலாம். அப்போது காப்பீட்டில் எலிச் சேதத்துக்கு இடம் இருக்கிறதா என்று பாலிசியைப் பாருங்கள். பெட்டியே தானாகக் கெட்டிருந்தால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இதில் சொன்னால் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. சிக்கல் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். ‘வியாபாரத்துக்கு வாங்கிய வண்டி, அதனால் நுகர்வோர் இல்லை’ என்று வாதிடலாம். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருளுக்கு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கு கொடுத்திருக்கிறது. தானே ஓட்டிப் பிழைக்கும் விவசாயி இதைச் சொல்ல மறக்கக் கூடாது.

சொந்தப் பொருளைச் சரிசெய்யும் உரிமைக்காக மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று ஓர் இணையதளம் தொடங்கியது. அதில் சேர்க்கப்பட்ட நான்கு துறைகளில் வேளாண் கருவிகளும் மோட்டார் வாகனங்களும் உண்டு. இந்தப் போராட்டம் நமக்கு மட்டுமல்ல. அமெரிக்காவில் டிராக்டரின் கணினிப் பூட்டைத் தாங்களே திறக்க முடியாமல் விவசாயிகள் பல ஆண்டுகள் குரல் கொடுத்தார்கள். கொலராடோ மாநிலம் 2023-ல் சட்டம் இயற்றி, 2024 ஜனவரி 1 முதல் ரிப்பேருக்கான கருவிகளையும் கையேடுகளையும் விவசாயிகளுக்குத் தர வேண்டும் என்று நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது.

---

“பெட்டி கெடாமல் பார்த்துக்கொள்ள என்ன செய்யலாம்?”

– வாசகர், பல்லடம்.

• வைக்கோல் போர், தீவன மூட்டை, தேங்காய்க் களம் இவற்றை ஒட்டி வண்டியை நிறுத்தாதீர்கள். எலிக்குச் சூடான எஞ்சின் அடி நல்ல இடம். வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து, எலிப் புழுக்கையோ கடித்த டேப்போ இருக்கிறதா என்று பாருங்கள்.

• கோழி எரு, உரம் ஏற்றிய பிறகு வண்டியைக் கழுவிக் காயவிடுங்கள். எருவிலிருந்து வரும் அம்மோனியா செம்பை அரிக்கும். கழுவும்போது பிரஷர் தண்ணீரைப் பெட்டியின் மேலும் கப்ளரின் மேலும் நேராக அடிக்கக் கூடாது.

• எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி ‘டைனமோ சார்ஜ் ஆகுதா’ என்று பார்க்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த நொடியில் எகிறும் வோல்ட்டேஜ் பெட்டியைக் கெடுத்துவிடும்.

• பேட்டரி இறங்கினால் லாரியின் 24 வோல்ட்டில் இணைத்து ஸ்டார்ட் செய்யக் கூடாது. 12 வோல்ட் வண்டியிலிருந்துதான் எடுக்க வேண்டும். சிவப்பும் கறுப்பும் மாறிவிடக் கூடாது.

• கூடுதல் விளக்கு, ஹாரன், ஜி.பி.எஸ். மாட்டும்போது எஞ்சின் வயரை வெட்டிக் கரண்டு எடுக்க விடாதீர்கள். தனி பீஸோடு பேட்டரியிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

• ஒரு மல்டிமீட்டர் வாங்கி டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து மோட்டாருக்கும் அது உதவும்.

வேலை முடிந்து கிளம்பும்போது வாசகியின் கணவர், அறுத்தெடுத்த கடிபட்ட வயரைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டார். “பட்டறைக்காரங்ககிட்டக் காட்டோணுமுங்க” என்றார்.

“காட்டுங்க தம்பி, சண்டை மட்டும் வேண்டாம். அடுத்த வண்டிக்கு அவங்களும் கையை விட்டுத் தடவிப் பார்ப்பாங்க” என்று அனுப்பிவைத்தார் எலக்ட்ரீஷியன்.